மெத்தட் அழைப்பைச் சீட்டாக எழுதி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறு மாலைகளில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருகிறார்கள். லூப்பும் அரேயும் ஒரே மூச்சில் போய்விடும். மெத்தட் அழைப்பையே, அதாவது ஒரு ஆப்ஜெக்ட்டிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்வதையே, இன்னொரு ஆப்ஜெக்ட்டாகப் பிடித்து வைக்கும் பாடம் வந்ததும்தான் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் அடிக்கத் தொடங்கும். அதே கேள்விகள், ஆள்தான் வேறு. ஆகவே பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உதாரணக் கோடு (புரோகிராம் வரிகள்) குறிப்பிட்ட எந்த மொழியும் அல்ல. புரிவதற்காகத் தமிழ்ப் பெயர்கள் வைத்து எழுதியது.

மெத்தடைக் கூப்பிடுறது ஒரு வேலை. வேலையைப் போய் எப்படிண்ணே ஆப்ஜெக்ட் ஆக்குறது?

படகு கடலுக்குக் கிளம்பும் முன்னால் ஐஸ் கம்பெனி வாசலைப் பார்த்திருப்பீர்கள். சம்மாட்டி (படகு முதலாளி) நேரில் வந்து "பத்து பார் போடுப்பா" என்று சத்தம் கொடுத்தால் ஐஸ் ஏறும். சத்தம் காற்றோடு போய்விடும். எத்தனை பார் சொன்னார், எப்போது சொன்னார் என்று பிறகு கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதையே ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையனிடம் கொடுத்தனுப்பினால், சொன்ன சொல் கையில் பிடிக்கிற பொருளாகிவிடுகிறது. கம்பியில் குத்தி வைக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம், நாலைந்து சேர்த்து ஒன்றாகக் கொடுக்கலாம், வேண்டாமென்றால் கிழித்துப் போடலாம்.

`கிடங்கு.ஐஸ்_போடு(படகு, 10)` என்று எழுதுவது சத்தம் கொடுப்பது. `அழைப்பு(கிடங்கு, "ஐஸ்_போடு", [படகு, 10])` என்று எழுதினால் இன்னும் எதுவும் ஓடவில்லை. யாரிடம், என்ன பெயரில், எதையெல்லாம் கொடுத்து என்ற மூன்று தகவலும் உள்ள ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் உருவாகியிருக்கிறது. அதனிடம் `நடத்து()` என்று சொல்லும்போதுதான் வேலை நடக்கும். இனி இதைச் சீட்டு என்றே சொல்லப்போகிறேன். ஏலச்சீட்டு ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அது என்ன "டைனமிக்"? எல்லா அழைப்பும் புரோகிராம் ஓடும்போதுதானே நடக்குது?

நடப்பது ஓடும்போதுதான். எந்த மெத்தட் என்று முடிவாவது எப்போது என்பதுதான் விஷயம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறவர் சொல்வது ஒரே செய்தி. விசைப்படகுக்காரர் ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டு நங்கூரம் போடுகிறார். நாட்டுப்படகுக்காரர் ஆள் சேர்த்து மணலுக்கு இழுத்து ஏற்றுகிறார். கருவாடு காயப்போட்டிருக்கும் அம்மா வாரி மூட்டை கட்டுகிறார். செய்தியின் பெயரைப் பார்த்து, அதை வாங்குகிற ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸ் (வகை) என்று பார்த்து, அந்த நேரத்தில் மெத்தடைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் டைனமிக் டிஸ்பாட்ச் என்று பெயர்.

இதில் இரண்டு படி உண்டு. ஜாவாவில் ஓவர்ரைடு செய்யும்போது (மேல் கிளாஸின் மெத்தடைக் கீழ்க் கிளாஸில் மாற்றி எழுதும்போது) பெயர் கோடிலேயே எழுதியிருக்கும். எந்தக் கிளாஸில் உள்ளதை ஓட்டுவது என்பது மட்டும் பிறகு முடிவாகும். அடுத்த படியில் பெயரே ஒரு ஸ்ட்ரிங்காக எங்கிருந்தோ வரும், ஓடும் முன்னே கோடைச் சரிபார்த்துப் பெயர்க்கும் கம்பைலருக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவது படியைப் பற்றியது.

இது புதுசா வந்ததா? எங்க காலேஜ்ல ஜாவா, சி பிளஸ் பிளஸ் தாண்டி யாரும் எதுவும் சொல்லலையே.

பழைய சரக்கு. 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில் இது அழகாக இருக்கிறது. ஒரு ஆப்ஜெக்ட்டுக்குத் தெரியாத செய்தி வந்து சேர்ந்தால், அந்தச் செய்தியின் பெயரையும் கூட வந்தவற்றையும் ஒரு மெசேஜ் ஆப்ஜெக்ட்டாகக் கட்டி, 'டஸ்நாட்அண்டர்ஸ்டேண்ட்' என்ற மெத்தடிடம் கொடுத்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அது பிழை காட்டும். நாம் மாற்றி எழுதினால் அந்தச் சீட்டை வேறொரு ஆப்ஜெக்ட்டிடம் தள்ளிவிடலாம், கணக்கில் குறித்துக்கொள்ளலாம், பேசாமல் இருந்தும் விடலாம்.

அந்த வழியில் வந்ததுதான் அப்ஜெக்டிவ் சி மொழியின் என்எஸ்இன்வொகேஷன் (அழைப்பைத் தாங்கும் ஆப்ஜெக்ட்), ரூபி மொழியின் மெத்தட்_மிஸ்ஸிங் (தெரியாத மெத்தட் பெயர் வந்தால் ஓடுவது) எல்லாம். சி ஷார்ப்பில் 2010-இல் டாட்நெட் 4 வந்தபோது டைனமிக்ஆப்ஜெக்ட் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ப்ராக்ஸி (இன்னொன்றுக்குப் பதிலாக நின்று அழைப்பை வாங்கும் ஆப்ஜெக்ட்) 2015 பதிப்பில் வந்தது.

அப்ப ஜாவால முடியவே முடியாதா? எனக்கு பிளேஸ்மெண்ட் ஜாவாலதான்.

முடியும், கொஞ்சம் சுற்றிப் போகவேண்டும். 1997-இல் வந்த ஜேடிகே 1.1 முதல் ரிஃப்ளெக்ஷன் இருக்கிறது. கிளாஸிடம் பெயரைச் சொல்லி ஒரு மெத்தட் ஆப்ஜெக்ட்டை வாங்கி, அதில் இன்வோக் செய்யலாம், அதாவது ஓட்டலாம். ஆனால் அந்த மெத்தட் ஆப்ஜெக்ட் சீட்டு அல்ல. யாரிடம், எதைக் கொடுத்து என்ற இரண்டும் அதில் இல்லை. இன்வோக் செய்யும்போது தனியாகக் கொடுக்கவேண்டும். மூன்றையும் சேர்த்து வைக்கும் கிளாஸை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பத்து வரிதான்.

எதிர்ப்பக்கத்தில் இருந்து பிடிக்க 2000-இல் வந்த ஜேடிகே 1.3-இன் டைனமிக் ப்ராக்ஸி இருக்கிறது. ஒரு இன்டர்ஃபேஸுக்கு (மெத்தட்களின் பெயர்ப் பட்டியலுக்கு) பொய்யான ஆப்ஜெக்ட் ஒன்றை அதுவே செய்து தரும். அதை யார் எப்படிக் கூப்பிட்டாலும் மெத்தடும் ஆர்கியுமெண்ட்டுகளும் (கூடக் கொடுத்தவையும்) உங்கள் இன்வொகேஷன்ஹேண்ட்லரில் வந்து விழும். இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான், சாதாரணக் கிளாஸுக்கு அது நடக்காது. டெஸ்ட் எழுதும்போது மாக்கிட்டோ என்ற ஜாவா நூலகத்தைப் பயன்படுத்தி, "இந்த மெத்தடை இத்தனை தடவை கூப்பிட்டானா" என்று சரிபார்த்திருப்பீர்கள். வந்த அழைப்பையெல்லாம் சீட்டாகச் சேர்த்து வைத்திருந்ததால்தான் அதனால் எண்ணிச் சொல்ல முடிகிறது. தெரியாமலே இதை நீங்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

பைத்தான்ல பிராக்கெட் போடாம `கிடங்கு.ஐஸ்_போடு`ன்னு விட்டாலே ஒரு ஆப்ஜெக்ட் கிடைக்குதே. அது போதாதா?

பாதி போதும். அங்கே கிடைப்பது பவுண்ட் மெத்தட். கிடங்கும் அதில் இருக்கிறது, எந்த ஃபங்ஷன் என்பதும் இருக்கிறது. கொடுக்கவேண்டியவை மட்டும் இல்லை. அவற்றையும் சேர்க்கப் பைத்தானின் ஃபங்க்டூல்ஸ் நூலகத்தில் பார்ஷியல் இருக்கிறது.

ஆனால் பிராக்கெட் இல்லாமல் எழுதிய அந்த நொடியிலேயே தேடல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கிளாஸில் `ஐஸ்_போடு`வை யாராவது மாற்றி வைத்தாலும் உங்கள் கையில் இருப்பது பழையதுதான். சீட்டில் இருப்பது வெறும் பெயர்; அதைப் பிரிக்கும்போதுதான் கெட்ஆட்டர் (பெயரைச் சொல்லித் தேடும் ஃபங்ஷன்) போட்டுத் தேடுவோம். லோடுமேன் ஒருவரை இப்போதே கையோடு கூட்டிவந்து நிறுத்துவது ஒன்று, அன்றைக்கு வேலையில் யார் இருக்கிறாரோ அவர் செய்யட்டும் என்பது இன்னொன்று. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். என்னிடம் வரும் குழப்பத்தில் பாதி இந்த இடத்தில் முளைத்ததுதான்.

ஒரு லாம்டா எழுதி லிஸ்ட்ல போட்டா முடிஞ்சுச்சு. எதுக்கு இம்புட்டு சிரமம்?

உடனே அல்லது சற்று நேரத்தில், இதே புரோகிராமுக்குள் ஓடவேண்டும் என்றால் லாம்டாவே (பெயரில்லாத சின்ன ஃபங்ஷனே) போதும். நானும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் லாம்டா ஒட்டிய கவர். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமல் படிக்க முடியாது. "வரிசையில் டீசல் சீட்டு எத்தனை?" என்று கேட்டால் லாம்டாக்கள் வாய் திறக்காது. டிஸ்க்கில் எழுதுவதும் அடுத்த கம்ப்யூட்டருக்கு அனுப்புவதும் அதைவிடச் சிரமம். படிக்கவேண்டும், எண்ணவேண்டும், அனுப்பவேண்டும் என்று வரும்போதுதான் சீட்டு.

கமாண்ட் பேட்டர்னும் இதுவும் ஒண்ணா?

அண்ணன் தம்பி. கமாண்ட் பேட்டர்னில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிளாஸ் எழுதுவீர்கள்: `ஐஸ்போடும்கட்டளை`, `டீசல்நிரப்பும்கட்டளை` என்று. பெயரைக் கம்பைலர் சரிபார்க்கும், ஒவ்வொன்றுக்கும் தனி `திரும்பப்பெறு()` எழுதலாம். நாம் பேசும் சீட்டு ஒரே கிளாஸ், எந்த மெத்தடுக்கும் பொருந்தும். அதற்கு விலையாகக் கம்பைலரின் கண்காணிப்பு போய்விடுகிறது. பதினைந்து இருபது வேலைக்குள் இருந்தால் கமாண்ட் கிளாஸ்களே நல்லது என்பது என் கட்சி.

இத நெசமா எங்க பயன்படுத்துறது? உதாரணம் எல்லாம் பொம்மையாவே இருக்கு.

நம் வகுப்பிலேயே செய்த படகுக் கணக்கு ஆப்பைச் சொல்கிறேன். விசைப்படகில் போகிறவர் போனில் அன்றைய செலவு, பிடிபட்ட மீன், வலை கிழிந்த விவரம் எல்லாம் குறிக்கவேண்டும். கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் கிடையாது. முதலில் எழுதிய பதிப்பு சர்வரை நேராக அழைத்தது. கடலில் அது வெறும் சுழலும் வட்டம்தான். இரண்டாவது பதிப்பில் ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு ப்ராக்ஸி வைத்தோம். `சர்வர்.மீன்_சேர்("நண்டு", 14)` என்று ஆப் கூப்பிடுகிறது. ப்ராக்ஸி அதைச் சீட்டாக்கிப் போனிலேயே எழுதி வைக்கிறது, சிக்னல் வந்ததும் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அனுப்புகிறது. ஆப்பின் மற்ற கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனில் இலங்கை நெட்வொர்க் வந்து ஒட்டிக்கொள்ளும். சிக்னல் காட்டும் நான்கு பட்டையும் நிமிர்ந்து நிற்கும், டேட்டா மட்டும் போகாது. "சிக்னல் இருக்கிறதா" என்று பார்த்து அனுப்பிய எங்கள் ஆப் அங்கே திரும்பத் திரும்ப முட்டி பேட்டரியைத் தின்றது. இப்போது சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று ஒரு சின்னச் சீட்டை அனுப்பிப் பார்த்த பிறகுதான் மற்றவை போகும்.

சீட்டுக்குள்ள `படகு` ஆப்ஜெக்ட்டையே வச்சிரலாமா?

அதே புரோகிராமுக்குள் என்றால் வைக்கலாம். போனிலிருந்து சர்வருக்கு என்றால் வைக்காதீர்கள். படகின் பதிவு எண்ணை வையுங்கள். பிரிக்கிற இடத்தில் அந்த எண்ணைக் கொண்டு அங்குள்ள `படகு` ஆப்ஜெக்ட்டை எடுத்துக்கொள்ளட்டும். துண்டுத்தாளில் யாரும் படகைக் கட்டி அனுப்புவதில்லை.

அதே புரோகிராமுக்குள்ளும் ஒரு பள்ளம் உண்டு. மீன் பட்டியலை லிஸ்ட்டாகச் சீட்டில் வைத்தீர்கள், பிறகு அதே லிஸ்ட்டைக் காலி செய்து அடுத்த தடவை வலை இழுத்ததற்குப் பயன்படுத்தினீர்கள். சீட்டைப் பிரிக்கும்போது பட்டியல் காலியாக இருக்கும். ஏனெனில் சீட்டில் இருந்தது லிஸ்ட் அல்ல, லிஸ்ட் இருக்கும் இடம். நகல் எடுத்து வையுங்கள். அப்ஜெக்டிவ் சி-யில் இன்னும் மோசம்: என்எஸ்இன்வொகேஷன் தனக்குள் உள்ளவற்றைத் தானாகப் பிடித்து வைக்காது. ரீடெய்ன்ஆர்கியுமெண்ட்ஸ் சொல்ல மறந்தால், பிரிக்கும் நேரத்தில் அந்த ஆப்ஜெக்ட்டே நினைவகத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.

சிக்னல் வந்ததும் ஒரே டீசல் செலவு ரெண்டு தடவ ஏறிருச்சு. ஆப் தப்பா, சர்வர் தப்பா?

இரண்டு பேரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆப் சீட்டை அனுப்பியது, சர்வர் ஏற்றியது, "ஏறிவிட்டது" என்ற பதில் வரும் வழியில் சிக்னல் போனது. பதில் வராததால் ஆப் மறுபடி அனுப்பியது. சீட்டு எழுதும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுங்கள். ஏற்கெனவே ஏறிய எண்களைச் சர்வர் வைத்துக்கொண்டு, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கட்டும். அழைப்பு ஒரு ஆப்ஜெக்ட்டாக இருப்பதால்தான் அதற்கு எண் ஒட்ட இடம் கிடைக்கிறது.

தடைக்காலம் முடிஞ்சு போனை ஆன் பண்ணா ஆப் ஓப்பன் ஆன ஒடனே மூடிருதுண்ணே.

இந்தத் தப்பு என்னுடையது, எழுதியே வைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் சும்மா இருக்காமல் புரோகிராமைச் சுத்தம் செய்கிறேன் என்று `டீசல்_போடு` என்ற மெத்தடை `டீசல்_நிரப்பு` என்று மாற்றினேன். கோடில் எல்லா இடத்திலும் மாற்றினேன், டெஸ்ட்டும் பாஸ். ஆனால் ஒரு படகின் போனில் ஏப்ரல் 14 அன்று எழுதிய இரண்டு சீட்டுகள் அனுப்பப்படாமல் கிடந்தன. அவற்றில் "டீசல்_போடு" என்று ஸ்ட்ரிங்காக எழுதியிருந்தது. ஜூன் 15 காலையில் புது ஆப் அந்தச் சீட்டைப் பிரித்தது, அப்படி ஒரு மெத்தட் இல்லை, விழுந்தது. மறுபடி திறந்தால் மறுபடி அதே சீட்டு.

இரண்டு மாற்றம் செய்தோம். டிஸ்க்கில் எழுதும் பெயரை மெத்தடின் பெயரோடு கட்டாமல், "டீசல்" என்பது இந்த மெத்தட் என்று ஒரு அட்டவணை வைத்தோம். மெத்தட் பெயர் மாறினால் அட்டவணையின் வலப்பக்கம் மட்டும் மாறும். அப்புறம், பிரிக்க முடியாத சீட்டை ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். ஒரு சீட்டுக்காகக் கடையைச் சாத்தக்கூடாது.

எல்லாச் சீட்டும் கையில இருக்குல்ல, அப்ப அண்டூ தானா வந்துருமா?

வராது. என்ன நடந்தது என்று சீட்டுக்குத் தெரியும். எப்படித் திருப்புவது என்று தெரியாது. `மீன்_சேர்` நடக்கும்போதே, அதன் எதிரான `மீன்_நீக்கு` சீட்டையும் எழுதி இன்னொரு அடுக்கில் போடவேண்டும். ஆப்பிளின் என்எஸ்அண்டூமேனேஜர் இப்படித்தான் செய்கிறது: எதிர் அழைப்பை அதனிடம் கொடுத்தால் ஓட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு, அண்டூ அழுத்தும்போது நடத்தும். எதிர்ச்சீட்டே இல்லாத வேலைகளும் உண்டு. அனுப்பிய எஸ்எம்எஸ், ஏலம் போன மீன், உருகிய ஐஸ்.

தெரியாத மெத்தட் எல்லாத்தையும் பிடிக்கிற மாதிரி மெத்தட்_மிஸ்ஸிங் எழுதுனேன். ஸ்டாக் நெறஞ்சு செத்துப்போகுது.

அந்த மெத்தடுக்குள்ளேயே ஏதோ பெயரைத் தப்பாக எழுதியிருப்பீர்கள். ரூபியில் தெரியாத வேரியபிள் பெயரும் மெத்தட் அழைப்பாகத்தான் போகும். அது மறுபடி மெத்தட்_மிஸ்ஸிங்குக்கே வரும், அழைப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக் நிறையும்வரை வந்துகொண்டே இருக்கும். ஜாவா ப்ராக்ஸியில் இதே நோய்க்கு வேறு முகம்: ஹேண்ட்லருக்குள் ப்ராக்ஸியை லாகில் அச்சிடப் பார்த்தால் டூஸ்ட்ரிங் அழைப்பும் ஹேண்ட்லருக்கே வந்து சேரும்.

எல்லாவற்றையும் விழுங்கும் வலை விரித்தால் வேண்டாததும் சிக்கும். உங்களுக்குரிய பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை சூப்பர் என்று மேல் கிளாஸுக்கு விட்டுவிடுங்கள். "இந்த மெத்தட் உண்டா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ரெஸ்பாண்ட்_டு_மிஸ்ஸிங்கையும் சேர்த்து எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராக்ஸியில் என்னை அரை நாள் அலைய வைத்தது இது: எந்தப் பெயரைக் கேட்டாலும் ஃபங்ஷன் கொடுக்கும் ப்ராக்ஸியை அவெயிட் செய்தேன் (பதில் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன்). அவெயிட் முதலில் 'தென்' என்ற பெயர் இருக்கிறதா என்று கேட்கும். என் ப்ராக்ஸி "இருக்கிறதே" என்றது. ப்ராமிஸ் (பதிலைப் பிறகு தரும் ஆப்ஜெக்ட்) என்று நம்பி அது காத்திருக்கத் தொடங்கியது. பிழைச் செய்திகூட இல்லை. பைத்தானில் நிலைமை நேர்மாறு: லென் (நீளம் சொல்வது) மாதிரியான ஃபங்ஷன்கள் சிறப்பு மெத்தடுகளை நேராகக் கிளாஸில் தேடும், தெரியாத பெயரைப் பிடிக்க நீங்கள் எழுதிய `__getattr__` வலைப்பக்கமே வராது.

மெத்தட் பேரு வெளிய இருந்து வந்தா அப்படியே `சென்ட்` பண்ணலாமா?

கூடாது. பெயரைக் கொடுத்தால் மெத்தடைக் கூப்பிடும் ரூபியின் சென்ட், பிரைவேட் (வெளியிலிருந்து கூப்பிடக்கூடாத) மெத்தடையும் கூப்பிடும். சாதாரண ஆப்ஜெக்ட் எல்லாவற்றுக்கும் சிஸ்டம் என்ற பிரைவேட் மெத்தட் உண்டு, அது கம்ப்யூட்டரில் எந்தக் கட்டளையையும் ஓட்டும். பெயரை வெளியாள் எழுதுகிறார் என்றால் வீட்டுச் சாவியைக் கொடுத்த கதைதான். பப்ளிக்_சென்ட் கொஞ்சம் தேவலை. மேலே தடைக்காலக் கதையில் சொன்ன அட்டவணைதான் சரியான பூட்டு: அதில் இல்லாத பெயருக்கு எந்த மெத்தடும் இல்லை.

மெதுவா ஓடுமாமே?

நேரடி அழைப்பைவிட மெதுவுதான். ஜாவாவில் இடைவெளியைக் குறைக்க 2011-இல் ஜாவா 7-இல் மெத்தட்ஹேண்டில் (மெத்தடை நேராகக் கூப்பிட உதவும் கைப்பிடி) வந்தது; 2022-இல் ஜேடிகே 18-இல் ரிஃப்ளெக்ஷனையே அதன்மேல் மாற்றிக் கட்டினார்கள். நெட்வொர்க்குக்குப் போகும் சீட்டில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. லட்சம் தடவை சுற்றும் லூப்புக்குள் இருந்தால் அளந்து பாருங்கள்.

சீட்டு எழுதிப் போட்டுட்டு நான் அடுத்த வேலைக்குப் போயிட்டேன். பதில் யாருக்கு வரும்? எரர் வந்தா?

கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்கவேண்டியது. நேராகக் கூப்பிட்டால் பதில் அதே வரிக்குத் திரும்பும். சீட்டில் எழுதியவர் வேறு, நடத்துபவர் வேறு, நடுவில் ஆறு மணி நேரம்கூட இருக்கலாம். அதனால் பதிலுக்குச் சீட்டிலேயே இடம் விடுங்கள்: நிலை, கிடைத்த மதிப்பு, பிழை என்று மூன்று கட்டம். காத்திருக்க விரும்புகிறவருக்கு ஒரு ஃபியூச்சரை (பதில் வந்ததும் அதைத் தாங்கும் ஆப்ஜெக்ட்டை) கையில் கொடுத்துவிடலாம்.

பிழை வந்தால் ஸ்டாக் டிரேஸில் (பிழைவரை வந்த அழைப்புகளின் பட்டியலில்) `நடத்து()` இருக்கும் இடம்தான் தெரியும், சீட்டை எழுதிய இடம் தெரியாது. எந்தத் திரையில், எத்தனை மணிக்கு எழுதியது என்று எழுதும்போதே குறித்து வையுங்கள். ஜாவா ரிஃப்ளெக்ஷனில் உண்மையான பிழை இன்வொகேஷன்டார்கெட்எக்ஸெப்ஷன் என்ற உறைக்குள் வரும். காஸ் (காரணம்) என்ன என்று கேட்டுப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மாணவர்கள் உறையைப் பார்த்தே மிரண்டு ரிஃப்ளெக்ஷன் கோடு முழுவதையும் திருப்பி எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது சாதாரண நல் பாயிண்டர் பிழை, அதாவது இல்லாத ஆப்ஜெக்ட்டைக் கூப்பிட்டது.

ஐஸ் கம்பெனியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பத்து பார் கேட்ட சீட்டு திரும்பி வரும்போது அதன் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும்: "6 ஏத்தியாச்சு, மீதி சாயங்காலம்."